வண்டிச் சாமான்

எட்டாம் காம்போவின் வேலியோரம்
தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில்
என் டாக்சி நிற்கும்.
செவ்வாயும் வெள்ளியும், விடிகாலை நாலரைக்கு.
அவர்கள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது.
காரில் ஏறிக்கொள்ளலாம்.
இது என்ன நியாயம் என்று
பதினோரு வருடமாகக் கேட்க நினைத்தும்
கேட்காமல் இருக்கிறேன்.
அந்த நியாயத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

கெர்ஹார்ட் டைக்ரோப் முன்னால் உட்காருவார்.
பின்னால் பாலாடைக்கட்டி, காலடியில் பாலாடைக்கட்டி,
நடுவே அகநேதா அம்மாளின் தொப்பி.
சான்டா குரூஸ் சந்தை வரைக்கும்
தங்களுக்குள் அவர்களுடைய ஜெர்மன்.
எனக்கென்று ஸ்பானிஷில் எண்கள் மட்டும்.
நூற்றிருபது என்பேன்.
நூறு என்பார்.
நூற்றுப்பத்தில் பொழுது விடியும்.

ஒட்டியும் ஒட்டாமலும் என்பார்களே, அப்படி.
என் வீட்டில் ஒருநாளும் கை நனைத்ததில்லை.
மகளின் புதுநன்மைக்கு அழைத்தேன்;
ஆறு கிலோ கட்டி வந்தது,
ஆள் வரவில்லை.

டிராக்டருக்கும் ரப்பர் சக்கரம் கிடையாது.
இரும்பு. பல் வைத்த இரும்பு.
ரப்பர் மாட்டினால் பையன்கள்
அதிலேயே ஊருக்குப் போய்விடுவார்களாம்.
ஸ்டாண்டில் எல்லாரும் சிரிப்போம்.
நானும் சிரித்தேன்,
ஒரு பிப்ரவரி மழையில் என் நான்கு ரப்பரும்
அச்சு வரை சேற்றில் இறங்கும் மட்டும்.
இரும்புதான் இழுத்துப் போட்டது.
காசு நீட்டினேன்;
கெர்ஹார்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.
அடுத்த செவ்வாய், மறுபடி நூறு என்றார்.

மகன் தீட்ரிக்கின் போன்
என் டேஷ்போர்டு அறையில் வசித்தது.
சோளக் கூலியில் வாங்கியது.
காம்போவுக்குள் போன் நுழையக் கூடாது;
அதனால் நுழையவில்லை.
சார்ஜ் ஏற்றுவது என் பொறுப்பு.
அப்பா சந்தையில் கட்டி அறுக்கிற நேரம்
முன் இருக்கையில் குனிந்து பார்ப்பான்
கப்பல்களை.
வேறொன்றுமில்லை, நம்புங்கள்,
சரக்குக் கப்பல்களை.
கடலே இல்லாத எங்கள் நாட்டில்
இரும்புப் பெட்டி இரும்புப் பெட்டியாய் ஏற்றுவதை
வாய் திறந்தபடி பார்ப்பான்.
அலைக்கு வாசனை உண்டா என்று ஒருமுறை கேட்டான்.
எனக்கெப்படித் தெரியும்,
நான் பொட்டோசி மலையில் பிறந்தவன்.

அப்பாவுக்குத் தெரியுமா?
ஒரு வெள்ளி அது உள்ளே கிடந்து அதிர்ந்தது,
அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி.
அவர் சோயா வயலையே பார்த்துக்கொண்டு வந்தார்.
அன்று மட்டும்
பேரம் பேசாமல் நூற்றிருபது.

பெந்தெகொஸ்தேக்கு முந்தைய வாரம்
தீட்ரிக் பின்னால் போய் உட்கார்ந்தான்.
ஞாயிறன்று தலையில் தண்ணீர் ஊற்றுவார்களாம்.
பத்தொன்பது வயது.
கேள்வியும் பதிலும் மனப்பாடம்.

எனக்கு எட்டாம் நாளே ஊற்றிவிட்டார்கள்.
வீறிட்டு அழுதேனாம்.
என்னை யாரும் கேட்கவில்லை.
இவனைக் கேட்பார்கள்,
சபை முழுக்கக் காது கொடுத்திருக்க,
இல்லை என்று சொல்ல
வாய் முளைத்த பிறகு.

"போன்?" என்றேன் கண்ணாடியில் பார்த்து.
"அது உங்க வண்டிச் சாமான்" என்றான்.
காது வரை சிவந்திருந்தான்.
எனக்கு ஏனோ கோபம் வந்தது.
வண்டி இரண்டு பள்ளத்தில் விழுந்தும்
வேகத்தைக் குறைக்கவில்லை.

இப்போது அவனுக்கு மனைவி, கைக்குழந்தை.
அப்பாவுடையதைப் போல ஓவரால்.
அப்பாவைப் போல நூறு என்கிறான்.

சிம் எப்போதோ செத்துவிட்டது.
ஆனாலும் ஞாயிறு இரவு
அதை எடுத்து வந்து சார்ஜில் போடுகிறேன்.
யாருக்காக என்று யூலாலியா கேட்கிறாள்.
பாத்திரம் கழுவுகிற சத்தத்தில்
கேட்காதது போல் இருந்துவிடுகிறேன்.

போன வெள்ளி, மழைத் தூறல்.
இறங்கப் போனவன்
டேஷ்போர்டு அறையின் மூடியை
ஒரு விரலால் அழுத்தினான்.
சரியாகத்தான் மூடியிருந்தது.
கதவைச் சாத்திவிட்டு
குழந்தையை வாங்கிக்கொண்டு
தார் முடிகிற இடம் தாண்டிப் போனான்.

இருக்கையில் எண்ணிப் பார்த்தேன்.
பத்து போலிவியானோ குறைவு.